கொல்லை அழிந்தால் சொல்லும் அழியும்!

தமிழைக் கொல்வோர் எல்லாரும் வெளியிலிருந்தே வருவர் என்று தமிழன்பருள் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். மேடையேறி வடசொற் கலப்பையும் ஆங்கிலச் சொற்கலப்பையும் கடிந்து முழங்கிவிட்டு வீடு திரும்பும் தமிழன், தன் வீட்டின் பின்கதவைத் திறந்து பார்ப்பதில்லை. திறந்து பார்த்தால் அங்கே ஒரு கொலை நடந்து முடிந்திருப்பதைக் காண்பான். வாழை நின்ற இடத்தில் சிமிட்டித் தளம். அவரைப் பந்தல் நின்ற இடத்தில் வண்டி நிறுத்தும் கொட்டகை. முருங்கை நின்ற இடத்தில் கழிவுத் தொட்டி. கொல்லப்பட்டது கொல்லை. கொன்றவன் வேற்றவன் அல்லன், வீட்டுக்குரியவனே.

இஃது ஒரு சிறு செய்தியன்றோ, இதற்கு ஓர் இதழில் இத்துணைப் பக்கம் வேண்டுமோ என்று கேட்பார் கேட்கலாம். அவர்க்கு விடையிறுக்கவே இக்கட்டுரை.

காரைக்காலில், கோட்டுச்சேரியை அடுத்து இருக்கிறது வரிச்சிக்குடி. காவிரியின் கடைமடை, கிழக்கே கடல். குடகில் பிறந்த ஆறு, பல கிளையாய்ப் பிரிந்து, எல்லார்க்கும் ஊட்டியது போக எஞ்சியதைக் கொண்டுவந்து கொட்டும் இடம். காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பில் புதுவை அரசின் பங்காக, அஃதாவது காரைக்காலுக்காக, ஒதுக்கியது 700 கோடிக் கன அடி நீர். 2018ஆம் ஆண்டு உச்ச நயமன்றமும் அதனையே நிலைநிறுத்தியது. அளந்து தரும் அந்நீரும் காலத்தில் வந்தால் உண்டு, வாராவிடில் இல்லை. இத்தகைய கடைமடையில் வாழ்ந்த மாந்தன் ஒரு சொட்டு நீரையும் வீணாக்காத வாழ்வைக் கற்றிருந்தான். அக்கல்வியின் பள்ளிக்கூடமே கொல்லை.

வரிச்சு என்பது பழந்தமிழ்ச் சொல். கூரைக்கும் மண்சுவருக்கும் குறுக்கே வைத்துக் கட்டும் கழிக்கு அப்பெயர். ஊர்ப்பெயரின் வரலாறு எதுவாயினும் ஆகுக. இன்று அவ்வூர்ப் பெயரை நாள்தோறும் எழுதும் பிள்ளைகளுள் வரிச்சு இன்னதென்று அறிந்தார் எத்துணைப் பேர்? மண்சுவரும் கீற்றுக் கூரையும் போனபின் வரிச்சுக்கு வேலையில்லை. வேலையில்லாத சொல் வாயில் தங்குவதில்லை. சொல் அழியும் வழி இதுதான். யாரும் வாளெடுத்து வெட்டுவதில்லை. பொருள் போகும், பின்னாலேயே சொல்லும் போகும்.

தொல்காப்பியர் பொருளதிகாரத்து மரபியலில் நிலைத்திணையை இருகூறாக்கினார். புறத்தே வயிரம் உடையன புல். அகத்தே வயிரம் உடையன மரம். அவ்விலக்கணப்படி தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லினம் ஆயின. வானளாவ நிற்கும் தென்னையைப் புல் என்பதா என்று பேதையர் நகைக்கலாம். இற்றை நிலைத்திணை அறிவியலும் அவற்றை நெல்லோடும் புல்லோடும் ஒருவித்திலை இனத்திலேயே சேர்க்கிறது. மாவையும் பலாவையும் வேறினமாகவே வைக்கிறது. புல்லின் உறுப்புகளுக்கு ஓலை, மடல், பாளை, ஈர்க்கு முதலிய பெயர்களையும், மரத்தின் உறுப்புகளுக்கு இலை, தளிர், குழை, அரும்பு முதலிய பெயர்களையும் வகுத்து வைத்தார். தென்னையில் இலை என்று எந்தக் கொல்லைத் தமிழச்சியும் சொன்னதில்லை. ஓலை என்றும் மட்டை என்றும் கீற்று என்றுமே சொன்னாள். தொல்காப்பியத்தை அவள் படித்ததில்லை. ஆயினும் அந்நூற்பாவின் வழி பிறழாமல் பேசினாள். அவளுக்கு அதனைக் கற்பித்த ஆசான் யார்? தென்னையே.

மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் (1902–1981) தம் வாழ்நாள் முழுதும் தமிழின் சொல்வளத்தைத் தொகுத்துக் காட்டியவர். இளம்பயிர்க்கு மட்டும் எத்துணைப் பெயர் என்று அவர் எடுத்துக்காட்டினார். நெல்லுக்கும் கத்தரிக்கும் நாற்று, மாவுக்கும் வாழைக்கும் கன்று, தென்னைக்குப் பிள்ளை, விளாவுக்குக் குட்டி, பனைக்கு மடலி அல்லது வடலி. பிஞ்சிலும் அங்ஙனமே. மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னம்பிஞ்சும் பனம்பிஞ்சும் குரும்பை, எள்ளின் பிஞ்சு கவ்வை. பிற மொழிகள் பெரும்பாலும் ஒரு பொதுச்சொல்லோடு அமைய, தமிழ் இத்துணை நுணுக்கமாகப் பிரித்தது ஏன்? புலவர் ஓலைமுன் அமர்ந்து இச்சொற்களைப் புனையவில்லை. நாள்தோறும் செடியின் முகம் பார்த்து வாழ்ந்தவர் வாயில் இவை பிறந்தன. பிள்ளை என்று தென்னங்கன்றை அழைத்தவன் அதனைப் பிள்ளையாகவே வளர்த்தான்.

இனி, வரிச்சிக்குடியிலோ கோட்டுச்சேரியிலோ நெடுங்காட்டிலோ, ஏன், தமிழ்நாட்டின் எந்த ஊரிலோ, பத்தகவைப் பிள்ளை ஒன்றை அழைத்துக் கச்சல் என்றால் என்ன, மூசு என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். விழிக்கும். பிள்ளை மேல் குற்றமில்லை. பார்த்திராத பொருளின் பெயரை அது எங்ஙனம் அறியும்? அகரமுதலியில் அச்சொல் இருக்கிறதே என்பீராயின், அகரமுதலியில் மட்டும் இருக்கும் சொல், பேழையில் வைத்த பிணம். அதற்கு உயிர் ஊட்டும் இடம் கொல்லை ஒன்றே.

கொல்லை பழஞ்சொற்களைக் காத்ததோடு நின்றதா? இல்லை, புதுச்சொற்களையும் ஆக்கியது. மிளகாய் தமிழகத்துச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, கடல்வழி வந்த போர்ச்சுக்கீசியர் வாயிலாக இந்நாட்டை அடைந்தது. அது வந்து இறங்கியபோது கலைச்சொல்லாக்கக் குழு எதுவும் கூடவில்லை. அயற்பெயரை அப்படியே எழுதுவோம், உலகெங்கும் வழங்கும் சொல்லாயிற்றே என்று எந்தப் பேராசிரியரும் வாதாடவில்லை. கொல்லையில் விதை ஊன்றிய தமிழச்சி அக்காயைக் கடித்தாள், மிளகைப் போல் உறைத்தது, மிளகாய் என்றாள். முடிந்தது சொல்லாக்கம்! அதுபோன்றே வள்ளிக்கிழங்கை அறிந்திருந்தவன், மரம்போல் தண்டு நின்ற புதுக்கிழங்கை மரவள்ளி என்றான். மண்ணுக்குள் காய்த்த புதுப்பயற்றை நிலக்கடலை என்றான். அயற்செடியைத் தன் வேலிக்குள் ஏற்றான். அயற்பெயரை வேலிக்கு வெளியே நிறுத்தினான். தனித்தமிழ் இயக்கம் தோன்றுவதற்கு முந்நூறு ஆண்டுக்கு முன்பே தனித்தமிழ் இயக்கம் நடத்திய இடம் கொல்லை. இன்றோ, வீட்டின் முன்புறம் அழகுக்கென்று குரோட்டன் வருகிறது. குரோட்டன் என்றே வழங்குகிறது. உண்ணவும் உதவாது, மருந்துக்கும் ஆகாது, பெயரும் தமிழில் இல்லை. கையில் மண் படாதவன் வாயில் புதுச்சொல் பிறவாது.

பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், இக்கடற்கரையின் வடபால் இருக்கும் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடப் புகுந்து, அதன் வளத்தைத் தென்னையும் வாழையும் கமுகும் மஞ்சளும் மாவும் பனையும் சேம்பும் இஞ்சியும் கொண்டு காட்டினார். அப்பட்டியலை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். உயர்ந்து நிற்பது தென்னை, இடையில் வாழை, நிழலில் மஞ்சளும் இஞ்சியும், ஈரத்தில் சேம்பு. ஒளியையும் நீரையும் பங்கிட்டு வாழும் அடுக்குத் தோட்டத்தின் செடிகள் இவை. இற்றை வேளாண் கல்லூரிகள் அடுக்குமுறைச் சாகுபடி எனப் பாடமாகச் சொல்லும் முறைக்கு உரிய செடிகள் அனைத்தும் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய பாட்டில் ஒருங்கே நிற்கின்றன. வறியவன் வீட்டையும் பாடியது தமிழ். சிறுபாணாற்றுப்படையில் கிணைமகள், குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி, உப்பும் இன்றி வேகவைத்தாள். அவளது வறுமை கொடிதுதான். ஆயினும் அவள் வீட்டுப் புறத்தே கீரை முளைக்க மண் இருந்தது. இன்றைய செல்வன் வீட்டில் அதுவும் இல்லை.

அயலான் இம்மண்ணின் கொல்லையை எப்படி மதித்தான் என்பதையும் அறிதல் வேண்டும். வரிச்சிக்குடிக்கு வடக்கே சில கல் தொலைவில் இருப்பது தரங்கம்பாடி; 1620இல் டேனியர் வந்து கோட்டை கட்டிய ஊர். உயிரின வகைப்பாட்டியலின் தந்தை எனப் போற்றப்படும் இலின்னேயசிடம் பயின்ற கோனிக் என்பார், 1768இல் அங்கு மருத்துவராக வந்து, இக்கரையின் செடிகளைத் தேடித் தேடித் தொகுத்தார். 1776இல் வந்த இராட்லர் என்னும் சமயப் பணியாளரும் அங்ஙனமே செடிகளைத் திரட்டினார். அவர் திரட்டிய உலர்செடித் தொகுப்பு இன்றும் இலண்டனைச் சார்ந்த கியூப் பூங்காவில் காக்கப்படுகிறது. அதே இராட்லர்தாம் தமிழ் ஆங்கில அகரமுதலி ஒன்றையும் தொகுத்தார். 1834இல் அச்சேறத் தொடங்கிய அந்நூல், 1836இல் அவர் மறைந்த பின்னும் தொடர்ந்து 1841இல் நிறைவுற்றது. செடியைத் தொகுத்த கையே சொல்லையும் தொகுத்தது. அயல்நாட்டான் தமிழகத்துச் செடிக்கும் சொல்லுக்கும் தன் வாழ்நாளைக் கொடுத்தான். தமிழன் அவ்விரண்டின் மீதும் சிமிட்டியைக் கொட்டுகிறான்! 1739இல் காரைக்காலில் கால்வைத்த பிரஞ்சுக்காரர், ஆங்கிலேயர் இடையிடையே கைப்பற்றியிருந்த ஆண்டுகள் போக, 1954 நவம்பர் முதல் நாள் வரை ஆண்டனர். அவர்களும் செய்யாத கேட்டை விடுதலை பெற்றவன் தனக்குத்தானே செய்துகொள்கிறான்.

மொழிக்கேடு ஒருபுறம் இருக்க, நிலத்துக்கு நேரும் கேட்டைக் காண்க. கடலோர ஊரில் கிணற்றில் நன்னீர் கிடைப்பது எவ்வாறு? மண்ணுக்கடியில் கடலின் உவர்நீர் உள்நோக்கிப் புகுந்திருக்கிறது. மழைநீர் மண்ணில் இறங்கி, எடை குறைந்த காரணத்தால் அவ்வுவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் 1 அடி உயரம் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்திற்கு அது உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியல் கண்ட கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழே உவர் 40 அடி ஏறும். அந்த ஓரடியைக் காப்பது எது? வானத்து மழை; அதனை உள்வாங்கும் திறந்த மண். கொல்லையைத் தளமிட்டு மூடியவன் மழையைத் தெருவிற்குத் துரத்துகிறான். தெரு அதனைக் கடலுக்குத் துரத்துகிறது. பின்னர் ஆழ்துளையிட்டு உறிஞ்சுகிறான். மேலே நிரப்பும் வாயை அடைத்துவிட்டுக் கீழே உறிஞ்சினால் ஏறுவது உவர்நீரன்றி வேறென்ன? ஒருவன் கொல்லையை மூடினால் அடுத்த வீட்டான் கிணறும் கெடும். ஆகவே இது தனியொருவன் உரிமை என்று ஒதுக்கத்தக்கதன்று, ஊர்க்கேடு.

2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையில் ஏறியபோது, உயிர்களைக் கொண்டுபோனதோடு, கரையோர நிலத்திலும் கிணறுகளிலும் உப்பை விட்டுச் சென்றது. அந்நிலத்தை மீட்டது எது? மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவி வடித்ததும், தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுததுமே மீட்பின் வழிகளாயின. செடியும் மழையும் மண்ணும் சேர்ந்துதான் கடலின் காயத்தை ஆற்றின. 2018 நவம்பர் 16இல் வேதாரணியத்தை ஒட்டிக் கரையேறிய கசாப் புயலில் எண்ணற்ற தென்னைகள் வீழ்ந்தன. ஒரே இனத்தை வரிசையாய் நட்டு அதனையே நம்பியவன் ஓரிரவில் வெறுங்கையனானான். பல இனங்களை நெருங்க வைக்கும் கொல்லையில் தென்னை வீழினும் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். கீரை மூன்று கிழமையில் மீண்டும் எழும்.

மற்றையுயிர்களின் நிலை என்ன? கறிவேம்பிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. எருக்கில் குடும்பம் நடத்துவன உண்டு. ஆடுதின்னாப்பாளையை நம்பி வாழ்வன உண்டு. இவை எச்செடியிலும் வாழும் இயல்பின அல்ல. தமக்குரிய செடி இல்லையேல் அவ்வூரில் அவை இல்லை. குரோட்டனை நம்பி வாழும் பூச்சி இங்கு யாது? பூச்சி இல்லையேல் அதனைத் தன் குஞ்சுக்கு ஊட்டும் சிட்டும் இல்லை. ஈ மொய்க்காப் பூவில் சுரையும் பரங்கியும் காய் பிடிப்பதும் இல்லை. குருவி எங்கே போயிற்று என்று ஆண்டுக்கொரு நாள் விழாக்கொண்டாடி வருந்துவோர், அது போன இடத்தைத் தம் வீட்டுத் தளத்தின் கீழ்த் தேடுவாராக.

இனி உடல்நலம். 2019–21 ஆண்டுகளில் நடுவணரசு எடுத்த குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 அகவைக்குட்பட்ட பெண்களுள் 100க்கு 57 பேர் குருதிச்சோகை உடையர். ஐந்தகவைக்குட்பட்ட குழந்தைகளுள் 100க்கு 67. உலக நலவாழ்வு அமைப்பு, ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் கனியும் உண்ண வேண்டும் என்கிறது. முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு; எலுமிச்சையின் புளிப்பு அவ்விரும்பை உடல் ஏற்க உதவும். இரண்டும் கொல்லையில் அருகருகே நின்றவை. அவற்றை வெட்டிவிட்டு, மருந்துக்கடையில் இரும்பு மாத்திரைக்கு வரிசையில் நிற்பது எந்த அறிவைச் சார்ந்தது? உடலுக்கு மட்டுமா? அமெரிக்காவில் பித்தப்பை அறுவை முடிந்தவர்களின் மருத்துவமனைக் குறிப்புகளை உல்ரிக் என்னும் அறிஞர் ஆய்ந்து 1984இல் வெளியிட்டார். பலகணி வழியே மரங்களைக் கண்டவர், செங்கற்சுவரைக் கண்டவரினும் விரைவில் நலம்பெற்று வீடு திரும்பினர். வலிதணிக்கும் கடுமருந்தும் குறைவாகவே அவர்க்குத் தேவைப்பட்டது. பார்த்த அளவிலேயே இவ்வளவு நலமென்றால், நீர் வார்த்து, களை பறித்து, காய் பறித்துக் கை மணக்க நிற்பவர்க்கு எவ்வளவு!

இடமில்லை என்பார் சிலர். காவிரிப் படுகையில் ஒரு குழி என்பது 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. அவ்வொரு குழியில் ஒரு முருங்கை, ஒரு கறிவேம்பு, சமையற்கட்டு நீர் பாயும் வாயில் ஒரு வாழை, வேலியில் அவரை, நடுவில் கீரைப்பாத்தி அமையும். வண்டிக்கு அதனினும் மிகுந்த இடம் ஒதுக்குபவன் வயிற்றுக்கு இடமில்லை என்பது நாணத்தக்கது. கொல்லை இருந்தால் பாம்பும் கொசுவும் வரும் என்பார் சிலர். பாம்பு வருவது எலியைத் தேடி. எலி வருவது குப்பைக் குவியலைத் தேடி. துப்புரவான பாத்தியில் பாம்புக்கு வேலை இல்லை. கொசு பெருகுவது தேங்கிய சாய்க்கடையிலும் மூடாத தொட்டியிலும். நீரை உடனே உறிஞ்சும் மண்ணில் அன்று. கடையில் எல்லாம் கிடைக்கிறதே என்பார் சிலர். 2022இல் இலங்கையில் கடைகள் வெறுமையாயின. அவ்வாண்டு சூன் திங்களில் அந்நாட்டரசு, வீட்டுத்தோட்டம் போடுவதற்கென்றே அரசூழியர்க்கு வெள்ளிக்கிழமைகளில் விடுப்பளிக்க நேர்ந்தது. கடை வெறுமையான பின் விதையூன்றினால் காய் வரும் வரை வயிறு காத்திருக்குமா?

படித்தவன் மண்ணைத் தொடுவதா என்பதே இவை எல்லாவற்றினும் இழிந்த மறுப்பு. வாயால் யாரும் இதனைச் சொல்வதில்லை. நெஞ்சில் எல்லாரும் வைத்திருக்கின்றனர். உழைக்கும் கையை இழிவென்று கற்பித்த ஆரியக் குலமுறையின் எச்சம் இது. குலமுறையைத் தூக்கியெறிந்ததாகச் சொல்லும் தமிழன், மண்வெட்டியைத் தொட நாணும் அளவும் அதனைத் தூக்கியெறிந்தானல்லன்.

ஆகவே, இயக்கத்தார்க்கே முதற்கண் இக்குற்றச்சாட்டு உரியது. வாயிற்சுவரில் தமிழ் வாழ்க என்று எழுதியிருக்கும் வீடுகள் பல. அவற்றின் கொல்லைகளில் எத்துணையில் மண் தெரிகிறது? பிள்ளைக்குச் செங்கொடி என்றும் பூங்கொடி என்றும் தூய தமிழ்ப்பெயர் சூட்டுகின்றனர். ஒரு கொடியையேனும் அப்பிள்ளை தொட்டுப் பார்த்ததுண்டா? சொல்லை மட்டும் காப்பேன், பொருளைக் காவேன் என்பது, நிழலைப் பிடித்துக்கொண்டு மரத்தை வெட்டுவது போன்றது.

செய்யத்தக்கன அரியன அல்ல. வரும் ஆடிக்குள் ஒவ்வொரு தமிழன்பர் வீட்டிலும் ஒரு குழி மண்ணேனும் திறக்கப்படல் வேண்டும். தளமிட்டிருந்தால் கடப்பாரை கொண்டு பெயர்த்தெறிக! ஆடிப்பட்டத்தில் அவரையும் புடலும் பீர்க்கும் சுரையும் ஊன்றுக. தைப்பட்டத்தில் கத்தரியும் வெண்டையும் நடுக. பாட்டிமார் உயிரோடிருக்கும் வீடுகளில் பிள்ளைகளை அவரோடு கொல்லைக்கு அனுப்பி, அவர் சொல்லும் பெயர்களை எழுதச் சொல்லுக. தமிழாசிரியர் மரபியலை வகுப்பறைச் சுவருக்குள் நடத்தாது, தென்னையடியிலும் மாவடியிலும் நடத்துக. ஊராட்சிகள், மனையில் ஒரு பங்கு மண்ணைத் திறந்தே வைத்தல் வேண்டும் என்னும் கட்டுப்பாட்டை வீடுகட்டும் இசைவோடு சேர்த்து வலியுறுத்துக. விதையை விலைக்கு வாங்காது ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்க. கொடுக்கும்போது அதன் பெயரையும் சேர்த்தே கொடுக்க.

வரிச்சிக்குடியின் ஒரு வீட்டுக் கொல்லையில் ஒரு பிள்ளை நின்று, கச்சல் விட்டுவிட்டது என்று வீட்டை நோக்கிக் கூவும் நாளில், அங்கே வாழையும் பிழைத்தது, கிணறும் பிழைத்தது, தமிழும் பிழைத்தது என்க. அக்கூவலைக் கேட்க விரும்பாதவன், தமிழ் வாழ்க என்று தன் சுவரில் எழுதியதை அழித்துவிடுவானாக!